சிட்னி வீட்டுத் தோட்டத்தில் நேட்டிவ் செடிகளும் வந்துபோகும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு சிட்னியில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. தமிழ்ப் பள்ளி வாசலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் வேலியோரப் பேச்சிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் சிட்னிக்குப் பொருந்தும். மெல்பனிலோ பெர்த்திலோ இருந்தால் செடியும் மாதமும் மாறும்.

"நேட்டிவ் கார்டன்னா என்னக்கா? தானா முளைக்கிறதை அப்படியே விட்டுடறதா?"

இல்லை. தானாக முளைப்பதில் பாதி வெளிநாட்டுக் களை. நேட்டிவ் தோட்டம் என்றால் ஆஸ்திரேலியாவில், முடிந்தால் நம் வட்டாரத்திலேயே, காலங்காலமாக வளர்ந்துவரும் செடிகளைத் தேர்ந்து நடுவது. மற்ற தோட்டம் போலவே திட்டமும் வேண்டும், கவாத்தும் வேண்டும்.

இந்தச் செடிகள் பல நமக்குப் புதியவை அல்ல. சவுக்கு இங்கேயும் கடலோரத்து மரம். தைல மரம் இந்த நாட்டுக்காரன். வால்பாறை, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், கிரெவில்லியா குடும்பத்து மரம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை மூடிப் பெரிய தொல்லையாகிவிட்ட வாட்டில், இங்கே பறவைக்குச் சோறு போடும் மரம். ஒரு செடி எந்த மண்ணில் நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

"எங்க பேக்யார்டு சின்னது, தோண்டினா வெறும் களிமண். எதை நட்டா பிழைக்கும்?"

மேற்கு சிட்னியின் களிமண் மோசமான மண் அல்ல. இதே மண்ணில்தான் கம்பர்லேண்ட் சமவெளிக் காடு நின்றது. அந்தக் காட்டில் இன்று சிறு துண்டுகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. மிகவும் அழியும் நிலையில் உள்ள காட்டுவகை என்று அரசே பட்டியலிட்டிருக்கிறது. அந்தக் காட்டுச் செடிகளை நட்டால் களிமண்ணோடு சண்டை போட வேண்டியதில்லை. முள்ளோடு அடர்ந்து வளரும் பர்சாரியா, ஊதாப்பூக் கொடியான ஹார்டன்பெர்ஜியா, நம் அவுரியின் உறவான இண்டிகோஃபெரா, கங்காரு புல், லொமாண்ட்ரா. இவற்றோடு வாட்டில் ஒன்று.

பாங்க்சியா, கிரெவில்லியா வேண்டுமென்றால் மண்ணை ஒரு முழம் மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கினால் அவை தாங்காது. நட ஏற்ற காலம் ஏப்ரல், மே. கோடையில் நட்டுவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய. சின்னச் செடியாக வாங்குங்கள். கைக்கடக்கக் குழாயில் வரும் கன்று, பெரிய தொட்டிச் செடியை இரண்டே வருடத்தில் எட்டிப்பிடிக்கும்.

வாங்குவதற்கு முன் மவுண்ட் ஆனன் தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1988-இல் திறந்தது, 416 ஹெக்டேர். வளர்ந்தபின் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

"குளிர்காலத்துல எல்லாம் மொட்டையா நிக்குமா?"

நிற்காது. இங்கே பெரும்பாலான செடிகள் இலை உதிர்ப்பதில்லை. அதோடு, ஜூன் ஜூலையில்தான் தேன் விருந்தே நடக்கிறது. பூச்சிகள் குறைந்திருக்கும் அந்த மாதங்களில் பாங்க்சியாவின் மெழுகுவத்தி போன்ற கதிர்கள் திறந்து நிற்கும். ஏப்ரலில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை எங்கள் வீட்டுப் பாங்க்சியாவில் ஏதாவது ஒரு கதிரில் பூ இருக்கும். அதே காலத்தில் மணிமணியாகப் பூ தொங்கும் கொரியாச் செடி. லில்லிபில்லியில் பழம். இது நாவல் மரத்தின் சொந்தம், கடித்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஜூலை முடிவில் வாட்டில் மஞ்சளாகிறது. ஹார்டன்பெர்ஜியா வேலியை ஊதாவாக்குகிறது. செப்டம்பர் 1-ஐத் தேசிய வாட்டில் தினமாகவே வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் இண்டிகோஃபெராவும் பாட்டில்பிரஷும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் புஷ் சிவக்கிறது. பர்சாரியாவில் வெள்ளைப் பூவும் அதைச் சுற்றிப் பட்டாம்பூச்சியும். கொதிக்கும் ஜனவரியில்கூடப் பாரமாட்டா வாட்டில் பூத்துக்கொண்டிருக்கும். சிட்னிக்குத் தெற்கே வாழ்ந்துவரும் தாராவல் என்னும் பூர்வகுடி மக்கள், எந்தச் செடி பூக்கிறது, எந்த விலங்கு என்ன செய்கிறது என்று பார்த்து ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுது பிரித்த நமக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து வந்த நாலு பருவக் கணக்கைவிட என் தோட்டத்துக்கு அதுவே ஒத்துவருகிறது.

நர்சரியில் பூத்திருப்பதை மட்டும் வாங்கினால் ஒரே மாதத்தில் பூக்கும் தோட்டம்தான் அமையும். எந்த மாதம் உங்கள் தோட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்து அந்த மாதத்துக்கு ஒன்று வாங்குங்கள்.

"எந்த மாசம் எந்தப் பறவை வரும்?"

கறுப்பு வெள்ளை மேக்பை, ரெட் வாட்டில்பர்ட், வானவில் கிளி என்று நாம் அழைக்கும் ரெயின்போ லாரிகீட் ஆகியவை வருடம் முழுக்க உண்டு. இருமுகிற மாதிரிக் கத்தினால் அது வாட்டில்பர்ட். வந்துபோகிறவர்கள்தான் சுவாரசியம்.

ஏப்ரல், மே மாதங்களில் தேனுண்ணிப் பறவைகள் கூட்டம் கூட்டமாக நீல மலைத்தொடரைக் கடந்து வடக்கே போகும். குளிர் ஏறியதும் மலையிலிருந்து ஈஸ்டர்ன் ஸ்பைன்பில் இறங்கிவரும். ஊசி போல வளைந்த அலகு. பூவின் முன்னே ஒரு நொடி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். சில்வர்ஐ கூட்டமும் வரும். இது நம் வெள்ளைக்கண்ணியின் உறவு. விலாவில் செம்பழுப்பு இருந்தால் அது தாஸ்மேனியாவிலிருந்து வந்தது. சுமார் 10 கிராம் உடம்பை வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது! அதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று கொரியாச் செடி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஆகஸ்டில் எல்லோரும் கூடு கட்டத் தொடங்குகிறார்கள். செப்டம்பர் கடைசியில் வடக்கிலிருந்து குயில் வருகிறது. அதைப் பற்றிக் கீழே. காக்கட்டூ என்னும் பெரிய கிளிகளும், மீன்கொத்தி இனத்தைச் சேர்ந்த குக்கபராவும் எந்தப் பருவத்திலும் எட்டிப்பார்க்கும். நம் விசிறிவாலின் உறவான வில்லி வாக்டெயில், வசந்தகால நிலா இரவுகளில் பாடும்.

"பார்த்துப் பார்த்து உரம் போட்டேன், பாங்க்சியா மட்டும் கருகிப்போச்சு. ஏன்?"

பெரும்பாலும் உரம்தான் காரணம். எனக்கும் இதே நடந்தது. கறிவேப்பிலைக்கு வாங்கிய கோழி எருவில் மிஞ்சியதைப் பாங்க்சியாவின் தூரில் போட்டேன். இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, ஒரு கோடைக்குள் போய்விட்டது.

இந்த நாட்டின் மண் மிகப் பழையது. பாஸ்பரஸ் சத்து மிகக் குறைவு. பாங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியா, வாராட்டா எல்லாம் அதற்கேற்பக் கொத்துக் கொத்தாக மெல்லிய வேர்களை விட்டு, இருக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேருக்கு முன்னால் கோழி எருவையோ எலும்புத் தூளையோ கொட்டினால் அளவோடு நிறுத்தத் தெரியாது. அதுவே நஞ்சாகிவிடும். உரம் போட்டே ஆக வேண்டுமென்றால் நேட்டிவ் செடிக்கென்று விற்பதை வசந்தத்தில் ஒருமுறை போடுங்கள். நான் மரச்சிராய் மட்டும் பரப்புகிறேன்.

"அப்போ கறிவேப்பிலை, முருங்கையெல்லாம் பிடுங்கணுமா?"

வேண்டவே வேண்டாம். தனிப் பாத்தியில் வையுங்கள், அவ்வளவுதான். அவற்றுக்கு உரமும் தண்ணீரும் வேண்டும், இவற்றுக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் சமையலறைப் பக்கம் ஊர்ச் செடிகள், வேலிப் பக்கம் இவை. நடுவே நடைபாதை. மேட்டிலிருக்கும் பாத்தியின் உரத்தண்ணீர் கீழே பாங்க்சியாவுக்கு வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழமரத்துக்கு வலை போடுவதாக இருந்தால் விரல் நுழையாத அளவு சின்னக் கண் உள்ள வலையாக வாங்குங்கள். பெரிய கண் வலையில் பழந்தின்னி வௌவாலும் பறவையும் சிக்கி உயிரை விடுகின்றன.

"ஊர்ல காக்காவுக்குச் சோறு வச்ச பழக்கம். இங்க லாரிகீட்டுக்கு ரொட்டி, சோறு வைக்கலாமா?"

அந்த மனசு நல்ல மனசு. ஆனாலும் வைக்காதீர்கள். லாரிகீட்டின் நாக்கு நுனியில் பிரஷ் மாதிரி மயிரிழைகள் உண்டு. தேனும் மகரந்தமும் எடுக்க அமைந்த நாக்கு. ரொட்டி, சோறு, சீனித்தண்ணீர் எதிலும் அதற்கு வேண்டிய சத்து இல்லை. ஒரே தட்டில் நிறைய கிளிகள் கூடும்போது, இறகு கொட்டி அலகு கெடும் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது. குக்கபராவுக்கும் மேக்பைக்கும் கொத்துக்கறி போடுவதும் இதே மாதிரிதான்: எலும்போடு பூச்சியும் பல்லியும் தின்னும் பறவைக்கு வெறும் சதையில் சுண்ணாம்புச்சத்து போதாது.

கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் தண்ணீர் கொடுங்கள். மண் தட்டு ஒன்று, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நடுவில் தேனீ உட்கார ஒரு கல். நிழலில், புதருக்குப் பக்கத்தில், பூனை பாயமுடியாத உயரத்தில். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி வெயில் அடித்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு தட்டுத் தண்ணீர் எத்தனை உயிரைக் காக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"மைனா, புறாவெல்லாம் நம்ம ஊர்ப் பறவை மாதிரியே இருக்கே, எப்படி?"

மாதிரி இல்லை, அதேதான். மைனாவை 1860-களில் மெல்பனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், தோட்டத்துப் பூச்சியைத் தின்னட்டும் என்று. புள்ளிப்புறா, சிவப்புக் கன்னமும் கொண்டையும் வைத்த செம்மீசைச் சின்னான், சிட்டுக்குருவி எல்லாமே மனிதர்கள் கொண்டுவந்தவை. மைனா பார்க்க ஊர் நினைவு வரும், எனக்கும் வரும். ஆனால் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு ரோசெல்லா போன்ற இந்த ஊர்க் கிளிகளை விரட்டுகிறது.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. நாய்சி மைனர் என்று இன்னொரு பறவை உண்டு. பெயர் ஒட்டியிருக்கும், அலகும் கண்ணோரமும் மஞ்சளாக இருக்கும், ஆனால் உடம்பு சாம்பல் நிறம். மைனா பழுப்பு நிறம். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். நாய்சி மைனர் இந்த மண்ணின் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது.

"மேக்பை தலையிலே கொத்த வருது. எங்களை மட்டும் ஏன்?"

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, முட்டையும் குஞ்சும் இருக்கும்போது மட்டும்தான். பத்து ஆண் மேக்பைகளில் ஒன்றுதான் அப்படிப் பாயும். அவை முகத்தை நினைவு வைத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை கல்லோ குச்சியோ எறிந்தவரை அடுத்த வருடமும் விடாது.

அந்த நாட்களில் வேறு வழியாகப் போங்கள். முடியாவிட்டால் தொப்பி போட்டு, சைக்கிளிலிருந்து இறங்கி, அதைப் பார்த்தபடியே நிதானமாக நடங்கள். ஓடாதீர்கள். எங்கள் தெரு மேக்பை குடும்பம் என்னை ஒன்றும் செய்ததில்லை. தினமும் அவற்றின் கண்ணெதிரே மண்ணைக் கிளறிக்கொண்டு இருக்கிறேன், பழகிவிட்டது.

"கிரெவில்லியா நிறைய வச்சேன்க்கா, பூ கொட்டுது. ஆனா அந்தச் சாம்பல் பறவைக் கூட்டத்தைத் தவிர ஒண்ணும் வரல."

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். நானும் முதல் மூன்று வருடம் இதே தவறைச் செய்தேன். வருடம் முழுக்கப் பெரிய பெரிய பூவாகப் பூக்கும் ஒட்டு ரக கிரெவில்லியா மூன்று, சுற்றிலும் வெட்டிய புல்தரை, ஓரத்தில் ஒரு யூகலிப்டஸ். மேலே சொன்ன நாய்சி மைனருக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கூட்டமாக வாழும், வேறு சின்னப் பறவை தலைகாட்டினால் எல்லாம் சேர்ந்து விரட்டும். காட்டை வெட்டித் திறந்தவெளியாக்கிய இடங்களில் இவை பெருகி மற்றப் பறவைகளைத் துரத்துவதை, உயிரினங்களுக்கான பெரிய அச்சுறுத்தல் என்று 2014-இல் மத்திய அரசே பட்டியலில் சேர்த்தது. குற்றம் பறவையுடையது அல்ல. அதற்குத் தோதான வெட்டவெளியை அமைத்துக் கொடுத்தது நாம்.

சின்னப் பறவைக்கு முதலில் வேண்டியது மறைவு. பூ அதற்கப்புறம்தான். நான் மூன்று கிரெவில்லியாவில் இரண்டை எடுத்துவிட்டேன். வேலியோரம் மூன்று மீட்டர் அகலத்துக்கு பர்சாரியா, ஊசியிலை ஹேக்கியா, வெஸ்ட்ரிஞ்சியா, இறகு போன்ற இலை கொண்ட வாட்டில் ஆகியவற்றை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கமாக நட்டேன். கையை விட்டால் கீறும், அந்த அளவு அடர்த்தி. தரையில் உதிர்ந்த இலையைப் பெருக்குவதை நிறுத்தினேன். பூச்சி வந்தது. நாலாவது குளிர்காலத்தில் முதல் ஸ்பைன்பில் வந்தது. அதற்கடுத்த வசந்தத்தில் ஃபேரி ரென் குடும்பம் ஒன்று. ஆண் பளிச்சென்ற நீலம், பெண்ணும் பிள்ளைகளும் பழுப்பு; முந்தைய ஈட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து குஞ்சுக்கு இரை ஊட்டும். முன்வாசலில் இன்றைக்கும் நாய்சி மைனர்கள்தான். பின்பக்கப் புதருக்குள் மட்டும் அவற்றால் நுழைய முடியவில்லை.

"அக்கா, குயில் இரவிரவாக் கத்துது. நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு. என்ன செய்யிறது?"

செய்ய ஒன்றுமில்லை. துரத்தக் கூடாது, துரத்தினாலும் போகாது. இது நம் குயிலின் நெருங்கிய உறவு. கரிய ஆண், சிவந்த கண், அதே ஏறும் குரல். நியூகினி, இந்தோனேசியப் பக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசியில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும். அதிகம் கத்துவது துணை தேடும் முதல் வாரங்களில்தான். நம் ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். இங்கே பெரும்பாலும் ரெட் வாட்டில்பர்டின் கூட்டில். டிசம்பர், ஜனவரியில் தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு வாட்டில்பர்ட் இரை ஊட்டுவதைப் பார்க்கலாம்.

எனக்கு அந்தக் குரல் விடிகாலையில் கேட்டால் தூக்கம் கலைந்தாலும் மனசு நிறைகிறது. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

"இப்படிப் புதரா வளர்த்தா பாம்பு வராதா? சின்னப் பிள்ளைங்க இருக்காங்க."

நியாயமான பயம். புதர்வெளி, ஓடைப் பக்கம் வீடென்றால் பாம்பு வரத்தான் வாய்ப்பு உண்டு, தோட்டம் எப்படி இருந்தாலும். தகரம், பலகைக் குவியலும் எலியும்தான் அதை அதிகம் இழுக்கும். அடர்ந்த புதரை வேலியோரம் வைத்து, பிள்ளைகள் ஓடும் இடத்தைத் திறந்து வையுங்கள். பாம்பைப் பார்த்தால் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு வயர்ஸ் போன்ற வனவிலங்கு மீட்பு அமைப்பைக் கூப்பிடுங்கள். அடிக்கப் போனால் கடிபடும் ஆபத்துதான் கூடும்.

பலமுறை, பாம்பென்று என்னை அழைத்துக் காட்டியது நீலநாக்குப் பல்லியாக இருந்தது. குட்டைக் கால், தடித்த உடம்பு, மிரட்ட நீல நாக்கை நீட்டும். நத்தையைத் தின்று தோட்டத்தைக் காக்கும். நத்தை மருந்து போட்டால் அதுவும் சாகும். எலி மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலியைப் பிடித்த ஆந்தை சாகிறது.

"குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கிடக்கு. உள்ள எடுத்துட்டு வரட்டா?"

முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்தி நின்றால் அது பறக்கக் கற்றுக்கொள்கிறது. தாய் தந்தை பக்கத்தில்தான் இருக்கும். பூனை நாயை உள்ளே கட்டிவிட்டு, குஞ்சைப் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. இறகில்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். காயம் இருந்தால், பூனை கவ்வியிருந்தால், அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து மேலே சொன்ன மீட்பு அமைப்புக்கோ மிருக மருத்துவரிடமோ கொடுங்கள். பாலும் ரொட்டியும் ஊட்டாதீர்கள்.

"எப்போ கவாத்து பண்றது? ஒரு தடவை வெட்டினேன், செடியே போச்சு."

பூ முடிந்த உடனே. பாட்டில்பிரஷில் காய்ந்த பூவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பாங்க்சியாவில் இலை இல்லாத பழைய கட்டையை வெட்டினால் பல வகைகள் திரும்பத் துளிர்க்காது. உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை எந்தப் புதரை வெட்டுவதாக இருந்தாலும் முதலில் விலக்கிப் பார்த்துக் கூடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

"எங்க வாட்டில் எட்டு வருஷத்துல காய்ஞ்சுபோச்சு. காக்கட்டூ வேற பட்டையைக் கிழிச்சுப் போட்டுது. வேரோட எடுத்துடவா?"

வாட்டில் பல வகைகளுக்கு ஆயுசே பத்து வருடம் போலத்தான். நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை. மூப்படைந்த மரத்துக்குள் துளைப்புழு இருக்கும். அதைத் தேடித்தான் மஞ்சள் வால் கறுப்புக் காக்கட்டூ வருகிறது. போன ஜூலையில் எங்கள் பழைய வாட்டிலில் மூன்று வந்து உட்கார்ந்தன. ஒன்று பட்டையைக் கீற்றாக உரித்து, கீழே ஒரு சிராயை விட்டுவைத்து அதன்மேல் கால் ஊன்றிக்கொண்டு, விரல் தடிப் புழுவை இழுத்தெடுத்தது. கூட வந்த குஞ்சு அரைமணி நேரமும் விடாமல் கேட்டுக் கத்தியது.

வீட்டின் மேலோ நடைபாதையிலோ விழாது என்றால் தலையை மட்டும் குறைத்துக் கட்டையை நிற்க விடுங்கள். பெரிய மரமானால் வெட்டுமுன் கவுன்சிலில் கேளுங்கள். அடுத்த வாட்டிலைப் பழையது சாகுமுன்னே நடுவது நல்லது. ஐந்தாவது வருடமே ஆரம்பிக்கலாம். டிசம்பர் வாக்கில் காய் வெடிக்கும்போது விதையைச் சேர்த்து வையுங்கள். விதைத்தோல் கல் மாதிரி இருக்கும். கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி ஓர் இரவு ஊற விட்டு, உப்பியதை மட்டும் எடுத்து விதையுங்கள்.